டைப் 1-ஆ, டைப் 2-ஆ? இளவயது சுகரில் ரத்தப் பரிசோதனையைத் தப்பாகப் படிக்கும் விதங்கள்

சென்னையில் 25, 30 வயதில் சுகர் என்றால் இப்போது யாரும் அதிர்ச்சியாவதில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது, டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே சொந்தபந்தம் சேர்ந்து அது எந்த வகை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் எச்பிஏ1சி எண்ணை வைத்துத்தான்: 11 வந்தால் டைப் 1, 7 வந்தால் டைப் 2 என்று. அப்படி ஒரு கணக்கே கிடையாது. கடந்த இரண்டு மூன்று மாதம் சுகர் சராசரியாக எவ்வளவு இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், ஏன் ஏறியது என்று சொல்லாது. இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணே உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

ஆளைப் பார்த்து முடிவு செய்வது அடுத்தது. ஒல்லியாக இருந்தால் டைப் 1 என்பது நம்மவர்களுக்குச் சரிவராது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கிற எத்தனையோ பேருக்கு வருவது டைப் 2. "அப்பாவுக்கும் சுகர், அதனால் இதுவும் அதேதான்" என்பதும் அப்படித்தான். இந்த ஊரில் சுகர் இல்லாத வீடு எது? டைப் 1 இல்லை என்று சொல்ல அது ஒரு காரணமே ஆகாது, 30 வயதுக்கு மேலும் டைப் 1 வரும்.

சரி, ஆன்டிபாடி பரிசோதனைக்கு வருவோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை நம் உடம்பே தாக்குவதுதான் டைப் 1, அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்பதற்கான தடயம் இது. முதலில் பார்ப்பது ஜிஏடி என்ற ஆன்டிபாடி. இது நெகட்டிவ் என்று வந்ததும் "அப்பாடா, டைப் 2" என்று இன்சுலின் ஊசியை ஓரங்கட்டுகிறார்களே, அதுதான் பெரிய தவறு. வளர்ந்த பிறகு டைப் 1 வருபவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு எந்த ஆன்டிபாடியும் தென்படாது. ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்று மற்றவையும் இருக்கின்றன. இன்சுலின் ஆன்டிபாடியை மட்டும், ஊசி ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரம் ஆகிவிட்டால், பார்த்துப் பயனில்லை. போட்ட ஊசிக்கு எதிராகவே அது உருவாகியிருக்கலாம்.

அதிகமாகக் குழப்புவது சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே சம அளவில் வெளிவரும் துண்டு அது. ஊசி இன்சுலினில் அது இருக்காது என்பதால், ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் 0.9 நானோகிராம் என்று இருக்கிறது, நார்மல் வரம்புக்குள் என்று லேப் அச்சடித்திருக்கிறது என்று வையுங்கள். அதே ரத்தத்தில் சுகர் 85 என்றால் கவலை இல்லை. சுகர் 310 இருக்கும்போதும் 0.9 தான் என்றால், அத்தனை சர்க்கரைக்கு எகிறியிருக்க வேண்டிய சுரப்பு எகிறவில்லை என்று அர்த்தம். லேப் போடும் வரம்பு வெறும் வயிற்றுக்கானது. அதனால் சி-பெப்டைடு எழுதிக் கொடுத்தால், அதே குழாய் ரத்தத்தில் சுகரும் பார்க்கச் சொல்லுங்கள்.

எடுக்கும் நேரமும் முக்கியம். சுகர் 400, 500 என்று ஏறி அட்மிட் ஆன வாரத்தில் எடுத்தால், டைப் 2 ஆளுக்கும் கணையம் சோர்ந்துபோய்க் குறைவாகக் காட்டும். டைப் 1 புதிதாக வந்தவருக்கோ மிச்சமிருக்கும் செல்கள் சில மாதம் சுரப்பதால் தாராளமாகவே வரலாம். நோய் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகுதான் இந்தப் பரிசோதனை தெளிவாகப் பேசும். அலகையும் பாருங்கள்: ஒரு லேப் நானோகிராமில் தரும், இன்னொன்று நானோமோலில், 0.6 நானோகிராமும் 0.2 நானோமோலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில இயந்திரங்களில் அது சி-பெப்டைடைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டே வகைதான் என்று நினைப்பதும் தவறு. மூன்று தலைமுறையாக இளவயதிலேயே சுகர், ஆன்டிபாடி இல்லை, சுரப்பும் நன்றாக இருக்கிறது என்றால், மோடி (MODY) என்ற மரபணு வகையைச் சந்தேகிக்கலாம். அதில் சில ரகங்களுக்கு ஊசியே தேவைப்படாது, சல்ஃபோனைல்யூரியா மாத்திரை போதும். அடிக்கடி வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், உடம்பு இளைப்பு என்றால் சுகருக்குக் காரணம் கணையத்தில் உள்ள கல்லாக இருக்கலாம். தென்னிந்தியாவில் தெரிந்த வியாதிதான். இதை ஆன்டிபாடி காட்டாது, எக்ஸ்ரேயோ ஸ்கேனோதான் காட்டும்.

ஜிஏடி முடிவு வரச் சில நாள் ஆகலாம். அதுவரைக்கும், முடிவு நெகட்டிவாக வந்த பிறகும்கூட, டாக்டர் சொல்லாமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்க் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்கச் சொல்லுங்கள்.