வேலை தலைக்கு மேல, காசு மட்டும் கையில் இல்லை: சிறு குத்தகையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தால், நம்மவர் கட்டுமானக் குத்தகையாளர்கள் மூன்று நான்கு பேராவது கண்ணில் படுவார்கள். ஒருவர் வயரிங், ஒருவர் டைல்ஸ், இன்னொருவர் வாட்டர்புரூஃபிங். "வேலை எப்படிண்ணே?" என்று கேட்டால் "தலைக்கு மேல கிடக்கு" என்பார்கள். "காசு?" என்றால் தே தாரிக்கை ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். வேலை கிடைக்காமல் மூடிய கம்பெனியைவிட, வேலை பெருகி மூச்சு முட்டி மூடியவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் விலை. 10,000 வெள்ளி செலவாகும் வேலைக்கு 20 விழுக்காடு சேர்த்து 12,000 என்கிறோம். வீட்டுக்காரர், "பத்து பெர்சென்ட் குறைச்சுக்குங்க, அடுத்த வேலையும் உங்களுக்குத்தான்" என்கிறார். சரி என்று தலையாட்டுகிறோம். போனது 1,200, மிச்சம் 800. ரோரோ பின் (கட்டடக் குப்பைத் தொட்டி) வாடகை, லோரி எண்ணெய், உங்கள் சொந்தச் சம்பளம் எல்லாம் அந்த எண்ணூறுக்குள் அடங்க வேண்டும். விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையையும் குறையுங்கள். மலிவான டைல்ஸ் போடலாம், ஓர் அறையை விட்டுவிடலாம்.

பெரிய அடி விழுவது, வீட்டு வேலையிலிருந்து மெயின் கொன்ட்ரெக்டரிடம் சப்கொன்னாக, அதாவது துணைக் குத்தகையாளராகத் தாவும்போது. வீட்டு வேலையில் முன்பணம் உண்டு. இங்கே பெரும்பாலும் கிடையாது. மாதம் 60,000 வெள்ளி செலவாகிறது என்று வையுங்கள். மாதக் கடைசியில், செய்த வேலைக்குப் பணம் கேட்டு கிளெய்ம் போடுகிறீர்கள். அவர்கள் அளந்து சான்றிதழ் தர மூன்று வாரம், அதிலிருந்து முப்பது நாளில் பணம். முதல் மாதக் காசு வருவதற்குள் மூன்றாவது மாதமே முடியப்போகும். அதுவரை ஏறக்குறைய 160,000 வெள்ளி உங்கள் பையிலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயின் (முதலாளியின்) பொறுமையிலிருந்து.

அப்புறம் ரிட்டென்ஷன், அதாவது பிடித்து வைக்கும் பணம். ஒவ்வொரு கிளெய்மிலும் 10 விழுக்காடு பிடித்து, குத்தகைத் தொகையில் 5 விழுக்காடு சேர்ந்ததும் நிறுத்துவது வழக்கமான ஏற்பாடு. 400,000 வெள்ளி வேலையில் அது 20,000. வேலையை ஒப்படைத்ததும் பாதி வரும், மறுபாதி குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பிறகுதான். அது 12 மாதம், சில இடங்களில் 24. பத்து விழுக்காடு லாபம், அதாவது 40,000 என்று கணக்குப் போட்டிருந்தால், அதில் பாதி இன்னொருவர் பெட்டியில் இருக்கிறது. வராத அந்தக் காசை நம்பி ஹைலக்ஸ் புக் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

வாய்ச்சொல்லை நம்பி நான் பட்டது கெப்போங்கில், ஒரு கடைவீட்டு வேலையில். பாதியில் மேற்பார்வையாளர் ஃபோன் செய்து, "பின்சுவரையும் இடிச்சுக் கட்டிடுங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்றார். கட்டினேன், 18,000 வெள்ளி. கிளெய்ம் போட்டபோது அவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். "யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டார்கள். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் ஃபோனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுகிறேன்: இன்று நீங்கள் சொன்ன வேலை இது, விலை இவ்வளவு, சரியென்றால் பதில் போடுங்கள். பதில் வராமல் சம்மட்டியைத் தொடுவதில்லை.

"ஓனர் எங்களுக்குத் தந்தால்தான் உங்களுக்கு" என்ற பாட்டைக் கேட்காத சப்கொன் இருக்க முடியாது. 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சிபா (CIPAA) எனும் கட்டுமானப் பணக்கொடுப்புச் சட்டம் அந்த நிபந்தனையைச் செல்லாது என்கிறது. முறையாகக் கிளெய்ம் அனுப்பினால் எதிர்த்தரப்பு பதில் தர 10 வேலை நாள், அதன் பிறகும் தராவிட்டால் தீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர் பக்கம் இந்தச் சட்டம் திரும்பியும் பார்க்காது. தான் மட்டும் குடியிருக்க, நான்கு மாடிக்குக் குறைந்த வீடு கட்டும் தனிமனிதரின் வேலைக்கும் இது பொருந்தாது. அதனால்தான் தரைவீட்டு வேலையில் முன்பணத்தையும் தவணையையும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

இரவல் லைசென்ஸ் இன்னொரு வம்பு. குத்தகையாளர்களைப் பதிவு செய்யும் கட்டுமான வாரியமான சிஐடிபியின் தரத்தில் ஜி1 என்றால் 200,000 வெள்ளி வரையிலான வேலை எடுக்கலாம், ஜி2 500,000 வரை, ஜி3 பத்து லட்சம் வரை. பெரிய வேலை வருகிறதே என்று உறவுக்காரரின் ஜி3 பெயரில் எடுத்தால், காசு அவர் கணக்குக்குத்தான் போகும். மச்சான், மாப்பிள்ளை எல்லாம் செக் வரும் வரைக்கும்தான். ஆட்களுக்கு பெர்க்கேசோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) அப்படியே, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அது உண்டு. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வதில் பயனில்லை.

நாட்காட்டியையும் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் எல்லாருக்கும் வீடு முடிய வேண்டும். புத்தாண்டு பிறந்துவிட்டால் ஹார்ட்வேர் கடை, டைல்ஸ் கிடங்கு, செக் எழுதும் அக்கவுண்ட்ஸ் எல்லாம் இழுத்து மூடிவிடும். அந்த நேரத்தில் வரும் காசை நம்பி ஆட்களுக்குச் சம்பளத் தேதி சொல்லி மாட்டியிருக்கிறேன். அதனால் அதற்கு முந்தைய கிளெய்மை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை. அளக்க அவர்கள் ஆள் வரும் நாளில் மண்டோரை (மேஸ்திரியை) அனுப்பாமல் நானே சைட்டில் போய் நிற்கிறேன், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.