பாசிட்டிவ்வா யோசிக்கப் பழகுறது எப்படி? ஒரு நோட்டும் பேனாவும் போதும்

முதல்ல ஒரு நோட்டு எடுத்து வச்சுக்கோங்க, பிள்ளைங்க பாதி எழுதிட்டு விட்ட பழைய ரஃப் நோட்டே போதும். கண்ணாடி முன்னாடி நின்னு "நான் சூப்பர், எல்லாம் நல்லதே நடக்கும்"னு சொல்ற வேலை இதுல கிடையாது. ஏற்கனவே தன்மேல நம்பிக்கை கம்மியா இருக்குறவங்க அப்படி சொல்லிக்கிட்டா மனசு இன்னும் சோர்ந்துதான் போகுதுன்னு கனடாவுல ஜோஆன் வுட்னு ஒரு சைக்காலஜி புரொபசர் 2009-ல வெளியிட்ட ஆய்வுல இருக்கு. நமக்கே நம்பிக்கை இல்லாததை மனசுல திணிச்சா ஒட்டாதுங்க.

ஸ்டெப் 1: மனசு சொல்றதை அப்படியே எழுதுங்க

1960-கள்ல ஆரன் பெக்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர், டிப்ரஷன்ல இருந்தவங்ககிட்ட பேசிப் பேசி ஒண்ணு கண்டுபிடிச்சார், தன்னைப் பத்தின மட்டமான நினைப்பு அவங்க மனசுல தானா ஓடிக்கிட்டே இருக்கு, அது ஓடுறதே அவங்களுக்குத் தெரியல. நமக்கும் அது நடக்குது. அதனால திடீர்னு முகம் வாடுதுன்னா அந்த நிமிஷம் மனசு என்ன சொல்லுச்சோ அதே வார்த்தையில எழுதுங்க, நாகரிகமா மாத்த வேணாம்.

ஸ்டெப் 2: ஆதாரம் கேளுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், நிதானமா பண்ணுங்க. பக்கத்தை மூணா கோடு போட்டுக்கோங்க. உதாரணத்துக்கு, மாமனார் தட்டுல பாதி சாதத்தை வச்சுட்டு எழுந்துட்டார். முதல் கட்டத்துல நடந்ததை மட்டும் எழுதுங்க, "மாமா பாதி சாப்பாட்டுல எழுந்துட்டார்". ரெண்டாவதுல மனசு சொன்னது, "எனக்கு சமைக்கவே வராது, யாருக்கும் என் சமையல் பிடிக்கல". மூணாவதுல நிஜமா தெரிஞ்சது என்னன்னு யோசிச்சுப் பாத்தா, நேத்து இதே மனுஷன் ரசம் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினார், இன்னைக்கு காலைலேர்ந்து நெஞ்செரிச்சல்னு மோர் மட்டும் குடிச்சிட்டு இருந்தார். சாம்பார்ல உப்பு தூக்கலா இருந்திருந்தா அதையும் எழுதுங்க, மறைக்காதீங்க. கடைசில ஒரே வரி, "இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு, அவருக்கும் உடம்பு சரியில்ல, நாளைக்கு பாத்துப் போடுறேன்". பாசிட்டிவ் திங்கிங்னா என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரிதான், ஏன்னா இதை நீங்களே நம்புவீங்க.

ஸ்டெப் 3: ராத்திரி மூணு நல்லது

படுக்கப் போறதுக்கு முன்னாடி அன்னைக்கு நல்லபடியா நடந்த மூணு விஷயம், ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னு ஒரு வரி. பஸ்ல சீட்டு கிடைச்சதுகூட ஓகே. 2005-ல மார்ட்டின் செலிக்மன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி புரொபசரோட டீம் சிலரை இதை ஒரே ஒரு வாரம் பண்ணச் சொல்லிப் பாத்தாங்க, ஆறு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும் அப்படி எழுதினவங்க முன்னைவிட சந்தோஷமா இருந்தாங்க. அந்த "ஏன்"ங்கிறதை மட்டும் விட்டுடாதீங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி எல்லாம் கெட்டு எதுலயும் மனசே ஒட்டலன்னா நோட்டை நம்பி உக்காந்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. இந்தியாவுல இருக்குறவங்க 14416-க்கு போன் பண்ணலாம், அது டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஸ்டெப் 4: தினம் ஒரே நேரம்

ராத்திரி பல் தேய்ச்சதும் நோட்டுன்னு வச்சுக்கோங்க. ஒரு பழக்கம் தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆகும்னு லண்டன்ல பண்ண ஒரு ஆய்வுல வந்துச்சு, சிலருக்கு 18 நாள்லயே வந்துடும், சிலருக்கு எட்டு மாசம்கூட இழுக்கும். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப்போகல, விட்டதை சேத்து எழுதவும் வேணாம், அடுத்த நாள் தேதியைப் போட்டு எழுத ஆரம்பிங்க.