ஆட்டோ ஓட்டுபவரின் இடுப்பு வலியும் கழுத்து வலியும்: முதலில் சீட்டைக் கவனியுங்கள்

ஆட்டோவில் டிரைவர் உட்காரும் விதம் கார் மாதிரியும் இல்லை, பைக் மாதிரியும் இல்லை. காரில்போலத் தோள்வரை சாய முடியாது. பைக்கில்போலத் தொடையால் டேங்கைப் பிடித்து உடம்பைத் தாங்கவும் முடியாது. கை இரண்டும் ஹேண்டிலில், வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்க, உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இறங்குகிறது. போதாததற்கு மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுகின்றன. கார்க்காரர் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டிவிடுவார்; ஆட்டோவில் அப்படிச் செய்தால் முன்சக்கரம் நேரே பள்ளத்தில் இறங்கும். ஒதுக்கி ஓட்டினால் பின்சக்கரங்களில் ஒன்று இறங்கும். அப்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நிமிர, இடுப்பு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போகின்றன. நாள் முழுக்க இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது.

ஆகவே தைலமும் மாத்திரையும் பிறகு. வலிக்கான காரணம் பெரும்பாலும் வண்டியில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் உடம்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மறுநாள் சாயங்காலமே வலி திரும்பிவிடும்.

சீட்

டிரைவர் சீட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். அடியில் பலகையோ தகடோ தட்டுப்பட்டால் அந்த ஸ்பாஞ்சு செத்துவிட்டது. பலர் அதன் மேலேயே ஒரு தலையணையையோ மெத்தென்ற புது ஸ்பாஞ்சையோ போட்டுக்கொள்கிறார்கள். இதில் இரண்டு தவறு இருக்கிறது.

ஒன்று, உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வினாடிக்கு 4 முதல் 6 முறை வருகிற மேல்கீழ் ஆட்டத்துக்குத்தான் மிக அதிகமாக அதிரும். தடித்த மெத்தென்ற ஸ்பாஞ்சு அந்த வேகத்தில் வரும் ஆட்டத்தைக் குறைப்பதில்லை, கூட்டிவிடுகிறது. கடையில் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருப்பது மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும். இரண்டு, சீட் உயர்ந்தால் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு பார்வையை மறைக்கும். சிக்னலைப் பார்க்கவே தலையைக் குனிய வேண்டியிருக்கும். உயரமான டிரைவர்களுக்குக் கழுத்து வலி வர இதுவும் ஒரு காரணம். அந்த மேல்விளிம்பில் ஸ்டிக்கர், பூச்சரம், பொம்மை என்று மேலும் நாலு விரல்கடை மறைந்திருந்தால் குனிவு இன்னும் கூடும். சாமி படத்தை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியின் மேல்பகுதியைக் காலியாக விடுங்கள்.

குஷன் கடையில் பழையதை முழுக்கப் பிரித்துவிட்டு, அடியில் 50 மி.மீ. ரீபாண்டட் ஸ்பாஞ்சு (துண்டு ஸ்பாஞ்சுகளை ஒட்டி அழுத்திச் செய்தது), அதன்மேல் 25 மி.மீ. 40 டென்சிட்டி ஃபோம் போடச் சொல்லுங்கள். மொத்த உயரம் பழைய சீட் புதிதாக இருந்தபோது இருந்த அளவைத் தாண்டக் கூடாது. சீட்டின் முன்விளிம்பை லேசாக உருட்டித் தைக்கச் சொல்ல வேண்டும். கூரான விளிம்பு தொடையின் அடியில் அழுத்தினால் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், அப்போது முதுகுக்குச் சாய்மானம் போய்விடும்.

சாய்மானம்தான் அடுத்தது. நிறைய ஆட்டோக்களில் முதுகுப்பட்டை இருக்கிறது, ஆனால் டிரைவரின் முதுகு அதைத் தொடுவதே இல்லை. ஹேண்டிலை எட்டிப் பிடிக்க முன்னால் குனிவதால் இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். சீட்டை வெல்டிங் செய்து நகர்த்த வேண்டாம். முதுகுப்பட்டையைத் தடிமனாக்கினாலே போதும். எவ்வளவு தடிமன் என்று கண்டுபிடிக்க, ஒரு போர்வையை மடித்து முதுகுப்பட்டையில் கயிற்றால் கட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். முதுகு ஒட்டியிருக்கும்போதே முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். கை நீட்டி விறைத்திருந்தால் இன்னும் ஒரு மடிப்பு சேருங்கள். சரியாக வந்த அளவைக் குஷன் கடையில் காட்டினால் அதே கனத்துக்குத் தைத்துத் தருவார்கள்.

அதுவரைக்கும் ஒரு குளியல் துண்டு உதவும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகின் குழிவில் வையுங்கள். அழுத்தினால் 4, 5 செ.மீ. கனம் நின்றால் சரி. அதற்கு மேல் இருந்தால் இடுப்பு முன்னால் தள்ளப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வேறு இடத்தில் வலிக்கும்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஒரு பக்கப் புட்டம் 2 செ.மீ. உயர்ந்தாலே முதுகெலும்பு அந்த அளவுக்கு வளைந்துதான் நிற்கும். புட்டத்தின் வழியே காலுக்குப் போகும் நரம்பும் அழுந்தும். வலது கால் மட்டும் குடைகிறது என்று வருபவர்களில் சிலருக்குப் பர்ஸை எடுத்தாலே பாதி வலி போய்விடும். பக்கத்தில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு அரை சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதும் இதே கோணலைத்தான் உண்டாக்கும். அது சட்டப்படியும் தவறு.

ஹேண்டில்

இடது தோளிலிருந்து கழுத்துவரை இழுக்கிற வலி என்றால் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள். நகர நெரிசலில் ஒரே கையால் கிளட்ச் பிடித்து, அதே கையால் கியரையும் திருக வேண்டியிருக்கிறது. கேபிள் உள்ளே துரு ஏறினால் பிடி கனக்கும். அந்தக் கனத்தை விரல்கள் தாங்காமல் தோளைத் தூக்கி இழுப்பீர்கள். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, உறைக்குள் எண்ணெய் விட்டுப் பாருங்கள். அப்படியும் இறுக்கம் குறையாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. கேபிள் விலை ஒரு நாள் வைத்தியச் செலவைவிடக் குறைவு. கியர் கேபிள்களுக்கும் இதுவே பொருந்தும்.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளுங்கள். தங்குதடையில்லாமல் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை நேராக ஓட்டவே தோள் ஓயாமல் வேலை செய்யும். சமமான சாலையில் மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் அதே சிரமம்தான். ஆனால் மெக்கானிக்கிடம் போகும் முன் பின்சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். பலமுறை விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

சக்கரம், ஷாக், வேகத்தடை

பாரம் தாங்கட்டும் என்று காற்றை அளவுக்கு மேல் அடித்தால் டயர் கல்லாகிவிடும். ஒவ்வொரு அதிர்வும் நேராக முதுகுக்கு வரும். வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கையேட்டில் உள்ள அளவுக்கு அடியுங்கள். ஷாக் அப்சார்பரைச் சோதிக்க, அது இருக்கும் பக்கத்தில் வண்டியைக் கையால் அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினாலோ தண்டில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தாலோ மாற்றுங்கள். பின்பக்கம் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பக்கவாட்டு ஆட்டம் கூடும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தால் சிக்னலில் நிற்கும்போதே தரைத்தகடு காலில் அதிரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

வேகத்தடையைக் கோணலாக ஏறாமல் நேராக ஏறுங்கள். கோணலாக ஏறினால் பின்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இடுப்பை முறுக்கும். பிரேக்கை மேட்டுக்கு முன்பே பிடித்து, முன்சக்கரம் ஏறும் நொடியில் விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கி இருக்கும். இடியைத் தாங்க அதில் இடம் இருக்காது.

கண்ணாடியும் போனும்

நிமிர்ந்து, முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்து, அந்த நிலையில் பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி வையுங்கள். பிறகு நீங்கள் கூனும்போதெல்லாம் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாது. கண்ணாடியைத் திருப்பாதீர்கள், முதுகை நிமிர்த்துங்கள்.

சவாரியோடு பேசக் கழுத்தைத் திருப்பும் பழக்கத்தை விட வேண்டும். உள்கண்ணாடியில் பார்த்துப் பேசினால் போதும். போன் ஸ்டாண்டை ஹேண்டிலுக்குக் கீழே மாட்டியிருந்தால் ஆர்டர் வரும்போதெல்லாம் 5 கிலோ கனமுள்ள தலை முன்னால் தொங்கும். டேஷ்போர்டின் மேல், சாலையைப் பார்வை மறைக்காத ஓரத்தில் மாட்டுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசவே கூடாது.

இறங்கி நில்லுங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தரையில் இறங்க வேண்டும். சவாரி இறங்கிப் பணம் கொடுக்கும் நேரம் இதற்கு வாய்ப்பானது. கால்களைச் சற்று அகட்டி நின்று, இரு உள்ளங்கையையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, முட்டி மடங்காமல் மெதுவாகப் பின்னால் வளையுங்கள். 2 நொடி நின்று திரும்புங்கள். 5, 6 தடவை. நாள் முழுக்க முன்னால் வளைந்திருந்த முதுகுக்கு இது எதிர்த்திசை. பின்னால் வளையும்போது வலி காலுக்கு இறங்கினால் இதை நிறுத்திவிட வேண்டும்.

கழுத்துக்கு: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல் மோவாயை மட்டும் பின்னுக்கு இழுங்கள். 5 நொடி, 10 தடவை. சிக்னலிலேயே செய்யலாம். தொடையின் பின்பக்கத்துக்கு, குதிகாலை ஆட்டோவின் ஏறுபடியில் வைத்து முட்டியை நீட்டி 20 நொடி நில்லுங்கள், காலை மாற்றுங்கள்.

நீண்ட நேரம் ஓட்டி இறங்கிய உடனே கனமான பையைத் தூக்க வேண்டாம். அந்த நேரத்தில் முதுகுத் தட்டுகளும் (டிஸ்க்) தசைநார்களும் எளிதில் காயப்படும் நிலையில் இருக்கும். நாலு அடி நடந்து, இரண்டு முறை பின்னால் வளைந்து, அப்புறம் முட்டியை மடக்கித் தூக்குங்கள். குனிந்து லீவர் இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய வண்டிகளில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்: இடுப்பைத் திருகியபடி வெட்டி இழுத்த ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

மதியம் பின்சீட்டில் சுருண்டு, பக்கக் கம்பியில் தலையைக் கொடுத்துத் தூங்குவது கழுத்துக்குக் கெடுதல். ஸ்டாண்டில் நிழல் இருந்தால் பாயை விரித்து 20 நிமிடம் நீட்டிப் படுங்கள். இடம் இல்லையென்றால், சுருட்டிய துண்டைக் கழுத்தின் அடியில் வைத்துத் தலை தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அடிவயிறு, தொடையிடுக்கு என்று இறங்கி, எப்படி உட்கார்ந்தாலும் படுத்தாலும் குறையாமல் அலையலையாக வரும் வலி முதுகு வலி இல்லை. அநேகமாகச் சிறுநீரகக் கல். அதற்குச் சீட்டை மாற்றிப் பயனில்லை.

வைத்தியத்தில் செய்யக் கூடாதவை

சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க விடாதீர்கள். அந்தச் சடக் என்ற சத்தம் சுகமாக இருக்கலாம். ஆனால் திடீர்த் திருகலில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்வரை போகக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வலி மாத்திரையைத் தினமும் போடுவது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தசை இறுக்கத்துக்குத் தரும் மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. போட்டுக்கொண்டு வண்டி எடுக்கக் கூடாது. இடுப்பு பெல்ட்டை மோசமான நாளில் இரண்டொரு மணி நேரம் போடலாம், நாள் முழுக்கக் கட்டி வைக்க வேண்டாம். இரவில் 15, 20 நிமிடம் வெந்நீர்ப் பை ஒத்தடமும், ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணையும் நல்ல பலன் தரும்.

இவ்வளவும் செய்து ஆறு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வந்து அந்தச் சிகிச்சை தருகிறார்கள்.

சில அறிகுறிகளுக்கு ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, கழன்றதே தெரியவில்லை என்றாலும், கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது என்றாலும் நரம்பு பலவீனமாகிறது. உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்து வலியோடு நெஞ்சில் அழுத்தம், இடது கையில் குடைச்சல், வியர்வை சேர்ந்து வந்தால் அது இதயமாக இருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.