மாயம் கலந்த துப்பறியும் நாவல்களைத் தேர்ந்து வாசிக்கும் முறை

துப்பறியும் நாவலுக்குள் மந்திரவாதி நுழைந்துவிட்டால் புதிர் நீர்த்துப்போகும் என்று அவ்வகையின் தீவிர வாசகர்கள் பலர் இன்றும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த ஐயம் பழையது. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளை முற்றாக விலக்குகிறது. (விலக்கியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது சுவையான செய்தி.) வாசகருக்குத் தெரியாத ஒரு சக்தியைக் கடைசி அத்தியாயத்தில் இறக்கி முடிச்சை அவிழ்ப்பது மோசடி என்பதே அந்த விதியின் சாரம் என்று கொண்டால், மாயம் கலந்த நாவல்களை மதிப்பிட அதையே அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

எனவே புத்தகத்தைக் கையில் எடுத்ததும், அதன் உலகில் மாயத்தால் என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பது எந்தப் பக்கத்தில் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். முதல் கால் பகுதிக்குள் அந்த வரம்பு தெளிவாகாவிட்டால், அதைத் துப்பறியும் கதையாக வாசிக்காமல் சாகசக் கதையாக வாசிப்பது நல்லது, ஏமாற்றம் மிஞ்சாது.

வரம்பு எப்படித் தடயமாகிறது என்பதைப் பார்க்க, ஐசக் அசிமோவ் 1954-இல் நூலாக வெளியிட்ட ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில் தொடங்கலாம். அது மாயக்கதை இல்லை, அறிவியல் புனைவுதான். ஆயினும் பயிற்சிக்கு அதைவிடத் தெளிவான நூலை என்னால் சொல்ல முடியாது. ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதி அங்கே வெறும் பின்னணித் தகவலாக நின்றுவிடுவதில்லை. மூடிய நகரத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிய மனிதர்கள் திறந்த வெளியைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்ற செய்தியோடு அதைச் சேர்த்துப் பார்க்கும்போது, யாரால் கொலை நிகழ்ந்த இடத்தை அடைந்திருக்க முடியும், யாரால் கொன்றிருக்க முடியும் என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. இத்தகைய முட்டல் எழும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, உங்கள் ஊகத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து ராண்டல் காரெட்டின் லார்ட் டார்சி கதைகள். மந்திரம் ஒரு துறையாகப் பயிலப்பட்டு, உரிமம் பெற்றவர்களால் கையாளப்படும் மாற்று ஐரோப்பா அவற்றின் களம். டார்சிக்கு மந்திரம் தெரியாது. உடன் வரும் மந்திரவாதி ஷான் தடயவியல் நிபுணரைப் போலச் சோதனைகள் நடத்தி முடிவுகளைத் தருகிறார், அவற்றைக் கோத்து உண்மையைக் காண்பது டார்சியின் அறிவு. ‘டூ மெனி மெஜிஷியன்ஸ்’ நாவலில் மந்திரவாதிகள் கூடும் மாநாட்டில், பூட்டிய அறைக்குள் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் மந்திரம் தெரிந்தவர்களே இருக்கும்போது பூட்டிய அறை என்ன பெரிய புதிர் என்று தோன்றும். அந்த அலட்சியத்தைத்தான் ஆசிரியர் பயன்படுத்திக்கொள்கிறார். ஷானின் ஒவ்வொரு சோதனையும் எந்த வழியை அடைக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தால், வாசிப்பு இருமடங்கு சுவைக்கும்.

நகைச்சுவை விரும்புவோர் டெர்ரி பிராட்செட்டின் ‘ஃபீட் ஆஃப் கிளே’ (1996) நாவலுக்குப் போகலாம்; தடயங்களையே நம்பாத காவல் தலைவர் வைம்ஸ் அதன் நாயகர்.

மாயம் போலத் தோன்றி, பகுத்தறிவில் முடியும் கதைகள் தனி வகை. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ (1902) இதற்குப் பழைய உதாரணம். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலில் கணேஷும் வசந்தும் பேயா, விஞ்ஞானமா என்று மோதிக்கொள்வதைத் தமிழிலேயே படிக்கலாம். இவற்றில் மாயத்தின் விதியைத் தேடிப் பயனில்லை; யார் எதைத் தம் கண்ணால் பார்த்தார், யார் கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்று சாட்சிகளைப் பிரித்து வாசியுங்கள்.

முடிவு தெரிந்த பிறகு, தீர்வு தங்கியிருக்கும் விதி முதலில் வந்த பக்கத்துக்குத் திரும்புங்கள். அது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தும் நீங்கள் கடந்துபோயிருந்தால், அதே ஆசிரியரின் அடுத்த நூலைத் தயங்காமல் எடுக்கலாம்; அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் அவரை விட்டுவிடலாம்.