பிளேடு மாற்றும் மடக்குக் கத்தி: பிளேடில் தொடங்கி வரைவது எப்படி

கோவை கணபதியில் சின்னதாக ஒரு டூல் ரூம் நடத்துகிறேன். டை, ஜிக், ஃபிக்ஸர் என்று உற்பத்திக்குத் தேவையான அச்சும் பிடிமானக் கருவியும் செய்வதுதான் முக்கிய வேலை. கூடவே வினைல் தரை ஒட்டுகிறவர்களுக்கும், ஜிப்சம் போர்டு வேலை செய்கிறவர்களுக்கும், திருப்பூர் பக்கம் பேக்கிங்கில் இருப்பவர்களுக்கும் பிளேடு மாற்றக்கூடிய மடக்குக் கத்தி செய்து தருகிறோம். டிப்ளமோ முடித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் இந்தக் கத்தியை வரையச் சொன்னால், எல்லோரும் முதலில் பிடியைத்தான் வரைகிறார்கள். நல்ல வளைவு, விரலுக்குப் பள்ளம், கிளிப் எல்லாம் வந்துவிடும். பிளேடு கடைசியில் மீதி இருக்கிற இடத்தில் போய் உட்காரும். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்தக் கத்தியில் அளவையும் வடிவத்தையும் நீங்கள் மாற்றவே முடியாத பாகம் பிளேடு ஒன்றுதான். அதை வேறு யாரோ, வேறு எங்கோ செய்கிறார்கள். அதனால் அளவு எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

கடையில் கிடைக்கும் சரிவக வடிவ பிளேடு சுமார் 61 மி.மீ. நீளம், 19 மி.மீ. உயரம், 0.6 மி.மீ.க்குச் சற்று மேல் தடிமன். இரண்டு முனையிலும் வெட்டும். ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம். முதுகில் இரண்டு சின்ன வெட்டுப் பள்ளங்கள் இருக்கும், பிளேடு முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அவைதான். நான்கைந்து கம்பெனி பிளேடு வாங்கி மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள். தடிமனும் பள்ளத்தின் அகலமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இருப்பதிலேயே தடித்த பிளேடு உள்ளே போக வேண்டும், இருப்பதிலேயே மெல்லியது ஆடாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் தாளின் மேல் மூலையில் எழுதி வைத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள்.

உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் பிளேடு வேறு குடும்பம். ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா 1956-இல் கொண்டுவந்த யோசனை அது. 9 மி.மீ. அகல பிளேடு 0.38 மி.மீ. தடிமன், 18 மி.மீ. பிளேடு 0.5 மி.மீ. காகிதத்துக்கும் ஸ்டிக்கருக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ரப்பர் ஷீட்டையோ தரை விரிப்பையோ அழுத்தி இழுக்கும்போது வளையும். கனமான வேலைக்குச் சரிவக பிளேடுதான் சரி.

தள்ளி நீட்டும் கத்தி இருக்கும்போது மடக்குக் கத்தி எதற்கு என்று கேட்பார்கள். தள்ளும் கத்திக்கு உள்ளே ஒரு தடம் உண்டு. ஜிப்சம் தூளும் சிமென்ட் தூளும் அதில் புகுந்தால் கட்டை விரலால் தள்ளவே முடியாது. மடக்குக் கத்திக்கு அந்தத் தடமே கிடையாது. ஒரு அச்சு, அதைச் சுற்றி ஒரு சுழற்சி, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் திறந்தபடி விட்டால் தூள் தானாகவே கொட்டிவிடும். அதனால் பிடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவில் முழுக்கட்டை வைக்காதீர்கள். இரண்டு உருளைத் தூண் போதும்.

பிளேடு உட்காரும் இடம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிளேடைப் பிடிக்கும் தாங்கியை மூன்று அடுக்காகச் செய்வது எளிது. இருபுறமும் 1.2 மி.மீ. தகடு, நடுவில் 0.7 மி.மீ. தகடு. நடுத்தகட்டில்தான் பிளேடின் வடிவத்தில் இடம் வெட்டுகிறோம். முதுகுப் பள்ளத்தில் நுழையும் பல்லும் அதே தகட்டில்தான் வரும். மொத்தம் 3.1 மி.மீ. மில்லிங்கில் பள்ளம் எடுப்பதைவிட இது துல்லியம், செலவும் குறைவு.

நடுத்தகட்டுக்கு மைல்டு ஸ்டீல் போடாதீர்கள். கத்தியை நம் பக்கம் இழுத்து வெட்டும்போது வெட்டப்படும் பொருள் பிளேடை வெளியே உருவப் பார்க்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது 0.7 மி.மீ. தடிமனுள்ள அந்தக் குட்டிப் பல். பிளேடோ நன்றாக ஹார்டு செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய எஃகு. மெத்தென்ற பல் சீக்கிரம் உருண்டுவிடும். அதன் பிறகு பிளேடு ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் முன்னே வரும். ஏற்கெனவே ஹார்டு செய்து வரும் ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையை வாங்கி வயர்கட்டில் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் மெஷின்) வெட்டுங்கள், கடினம் போகாது. பல்லின் முன்முகம் நேர் செங்குத்தாக இருக்கட்டும். சரிவு கொடுத்தால் பிளேடு அதில் ஏறி நழுவும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. சரிவக பிளேடின் முதுகு அதன் வெட்டு விளிம்பைவிடக் குட்டை. முன்பக்கம் 25 மி.மீ. வெளியே நீட்டினால், தாங்கிக்குள் இருக்கும் முதுகு கொஞ்சம்தான். வெட்டும்போது நுனியை மேலே தள்ளும் விசை வருகிறது. தாங்கியின் மூக்கில் பிளேடு முதுகு முட்டி நிற்கிறது, வால் கீழே இறங்கப் பார்க்கிறது. வாலின் அடியில் இருப்பதோ இன்னும் பயன்படுத்தாத இரண்டாவது முனை. அது தாங்கியின் உள்தரையில் அழுந்தினால், நீங்கள் திருப்பிப் போடும் முன்பே பதம் போய்விடும். புதுப் பக்கம் போட்டும் வெட்டவில்லை என்று கத்தியைக் குறை சொல்வார்கள்.

வழி இருக்கிறது. பிளேடின் விளிம்பில் நடுப்பகுதி எந்த வேலைக்கும் வருவதில்லை. இரண்டு ஓரமும்தான் வெட்டுகின்றன. அதனால் இடத்தின் தரையை நடுப்பகுதிக்கு அடியில் மட்டும் உயர்த்தி, அங்கே பிளேடு உட்காரட்டும். வால் பக்கம் கடைசி 15 மி.மீ.க்கு அடியில் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். தாங்கியின் அடி மூடியே இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் முனை விரலுக்கு எட்டக் கூடாது. பழைய பிளேடைத் திருப்பும்போது அதன் மறு ஓரத்தை ஒரு காகிதத்தில் இழுத்துப் பாருங்கள். புது பிளேடு மாதிரியே சறுக்கிக்கொண்டு போனால் இடம் சரியாக அமைந்திருக்கிறது.

பிளேடை மாற்றும் முறை

முதல் மாடலுக்குத் திருகு போதும். ஒரு பக்கத் தகட்டின் முன்பகுதியைத் தனியாக வெட்டி மூடியாக்கி, எம்4 திருகால் இறுக்குங்கள். திருகின் தலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு கோடு போட்டால் ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டாம். திருகு முழுதாகக் கழன்று வராதபடி பின்னால் ஒரு சர்க்கிளிப் (மாட்டிவிடும் வளையம்) கட்டாயம் வேண்டும். சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவர் கையிலிருந்து திருகு விழுந்தால் அந்தக் கத்தியின் கதை முடிந்தது. திருகு மூடிக்கு இன்னொரு நன்மை, மெல்லிய பிளேடையும் அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

பொத்தானை அழுத்தி மாற்றும் வகை வேண்டுமென்றால், பல்லை நடுத்தகட்டில் வைக்க முடியாது. ஸ்பிரிங் வைத்த லீவரின் நுனியில் வைக்க வேண்டும். பிளேடு முன்பக்கமாக நுழையும், பல் மேலிருந்து பள்ளத்தில் விழும். இங்கே லீவர் சுழலும் அச்சுப் பின் (ஆணி மாதிரியான உருளை) எங்கே என்பதுதான் எல்லாம். பல்லுக்குப் பின்னால், பல் பிளேடைத் தொடும் கோட்டைவிட வெட்டு விளிம்புப் பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து அது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிளேடை வெளியே இழுக்க இழுக்கப் பல் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். அந்த அச்சுப் பின் மேலே போனால், அதே இழுப்பு பல்லைத் தூக்கிவிடும். பிளேடு வாலின் சரிவுக்கு மேல் ஒரு முக்கோண இடம் சும்மாதான் கிடக்கிறது, பின்னுக்கு அது போதும்.

பொத்தான் தகட்டு மட்டத்தைவிட அரை மி.மீ. உள்ளே இருக்கட்டும். நுணுக்கமாக வெட்டுகிறவர்கள் பிடியைத் தாண்டி தாங்கியின் மேலேயே விரலை வைத்து அழுத்துவார்கள். மேலே துருத்தி நிற்கும் பொத்தான் அப்போது வெட்டின் நடுவிலேயே பிளேடை விட்டுவிடும். அதோடு, பிளேடைப் பிடிக்கும் ஏற்பாடும் கத்தி மடங்காமல் பிடிக்கும் லாக்கும் ஒரே பொத்தானில் வேண்டாம். சில கத்திகளில் பாகம் குறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. ஒன்று தவறினாலும் மற்றது கையைக் காப்பாற்ற வேண்டும்.

லாக், அச்சு, நிறுத்துப் பின்

சாதாரணமாக வெட்டும்போது லாக்குக்குப் பெரிதாக வேலை இல்லை. விளிம்பில் வரும் விசை கத்தியை இன்னும் விரியச் செய்யத்தான் பார்க்கிறது, அதை, முழுதாக விரிந்த தாங்கி முட்டி நிற்கும் நிறுத்துப் பின் தாங்கிக்கொள்கிறது. பிளேடு சிக்கிக்கொண்டு நீங்கள் அதைத் தூக்கி எடுக்கும்போதும், குத்தும்போதும்தான் கத்தி மடங்கப் பார்க்கும். லாக் அப்போதுதான் தேவை. அடிக்கடி வேலை செய்யாததால் அது தேய்ந்தது தெரியாமலே போகும், ஆகவே முதலிலேயே தாராளமாகச் செய்துவிடுங்கள்.

அமெரிக்காவின் பக் கம்பெனி செய்த 110 என்ற மடக்குக் கத்தி 1964-இல் வந்தது. முதுகில் அழுத்தும் லாக் அதனால் பிரபலமானது. உறுதியானது, ஆனால் ஆடும் கட்டை, ஸ்பிரிங், இரண்டு அச்சு என்று பாகம் அதிகம். சின்னப் பட்டறைக்கு லைனர் லாக்தான் என் தேர்வு. பிடியின் உள்தகட்டிலேயே ஒரு நாக்கை வெட்டி வளைத்துவிட்டால் அதுவே ஸ்பிரிங், அதுவே லாக். மடக்கும்போது கட்டை விரல் பிளேடின் பாதையில் நிற்கிறது என்பது லைனர் லாக்கின் மேல் உள்ள பழைய புகார். நம் கத்தியில் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது மழுங்கிய தாங்கி, விரலில் முதலில் படுவது அதன் அடிப்பாகம்தான். வெட்டும் முனை இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. சாதாரண மடக்குக் கத்திக்கு இல்லாத வசதி இது.

நாக்குக்கு 1.2 முதல் 1.5 மி.மீ. தகடு. நாக்கு முட்டும் தாங்கியின் முகத்துக்குச் சுமார் 8 டிகிரி சரிவு. மூன்று அடுக்கையும் ரிவெட் அடித்து ஒன்றாக்கிய பிறகே அந்த முகத்தைக் கிரைண்ட் செய்யுங்கள், தனித்தனியாகச் செய்தால் ஒரு தகட்டில் மட்டும்தான் நாக்கு உட்காரும். புதுக் கத்தியில் நாக்கு முகத்தின் மூன்றில் ஒரு பங்கில் நின்றால் போதும், தேயத் தேய உள்ளே நகர இடம் வேண்டும். தாங்கியின் வெளித்தகட்டுக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் வெட்டச் சுலபம், ஆனால் ஹார்டு ஆகாது. லாக் முகம் சீக்கிரம் தேயும். 420 ரக ஸ்டெயின்லெஸ் வாங்கி ஹார்டு செய்யுங்கள்.

நிறுத்துப் பின்னை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கணக்கு எளிது. அச்சிலிருந்து நுனி 65 மி.மீ., பின் 8 மி.மீ. தூரத்தில் என்றால், பின்னில் இருக்கும் 0.05 மி.மீ. ஆட்டம் நுனியில் 0.4 மி.மீ. ஆகிவிடும். பின்னை 12 மி.மீ.க்கு நகர்த்தினால் 0.27 தான். 4 மி.மீ. ஸ்டீல் பின், இரண்டு பக்கத் தகட்டிலும் நுழைந்து நின்றால், உடைவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். தொந்தரவு எப்போதும் ஆட்டத்தில்தான். அச்சுத் துளையை டிரில்லோடு விடாமல், துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போடுங்கள். இருபுறமும் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர். நைலான் வாஷரும் ஓடும், ஆனால் நாளடைவில் அழுந்தி ஆட்டம் கொடுக்கும்.

மடக்கிய கத்தி பாக்கெட்டில் தானாகத் திறக்கக் கூடாது. அதற்கு லாக் நாக்கில் 1/16 அங்குல பேரிங் குண்டு ஒன்றை அழுத்தி வைத்து, தாங்கியில் அதற்கு ஒரு குழி போட வேண்டும். மடக்கிய நிலையில் குண்டு குழியின் நடுவுக்கு வந்து நின்றுவிடக் கூடாது; விளிம்பில் தொத்திக்கொண்டு, தாங்கியை இன்னும் உள்ளே இழுத்தபடி இருக்க வேண்டும். அப்போதுதான் குலுக்கினாலும் கடகடக்காது.

பிடி

இப்போது பிடிக்கு வரலாம். 100 மி.மீ. நீளம் பெரும்பாலான கைக்குப் போதும். மடக்கும்போது பிளேடு விளிம்புக்கும் எதிரில் இருக்கும் எந்தப் பாகத்துக்கும் நடுவில் 1.5 மி.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நுனி மழுங்கும். ஆள்காட்டி விரலுக்கு முன்னால் 5 மி.மீ. இறங்கும் ஒரு தடுப்பு அவசியம். வியர்த்த கை முன்னே வழுக்கினால் அங்கே நிற்க வேண்டும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வேண்டாம். தரை ஒட்டுகிறவர்கள் பசையைத் தின்னரால் துடைப்பார்கள், ஏ.பி.எஸ். இளகிப் பிசுபிசுத்துவிடும். கண்ணாடி இழை கலந்த நைலான் அல்லது அலுமினியம் எடுங்கள். உள்ளே உதிரி பிளேடு வைக்கும் அறை கேட்பார்கள். ஒன்று வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் பிடி தடித்துப்போகும்.

சோதனை

முதலில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் பிடி, தாங்கி, பின் எல்லாம் வெட்டி மடக்கி விரித்துப் பாருங்கள். ஸ்டீல் மாதிரியைச் சோதிக்கும்போதும் பிளேடின் விளிம்பைக் கிரைண்டரில் முழுக்க மழுக்கிவிடுங்கள். கூர்மையான பிளேடோடு லாக்கைச் சோதிக்க என் பட்டறையில் யாருக்கும் அனுமதி இல்லை. பிடியை வைஸில் கட்டி, மழுங்கிய நுனியை லாக்கிங் பிளையரால் பிடித்து, ஸ்பிரிங் தராசில் 15 கிலோ வரை நேராக இழுங்கள். பிளேடு நகரக் கூடாது. அப்புறம் மடக்கும் திசையில் எடை தொங்கவிட்டு நாக்கு நழுவுகிறதா என்று பாருங்கள். மடக்கிய கத்தியை இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுங்கள், திறக்கக் கூடாது. கடைசியாக ஒரு கைப்பிடி ஜிப்சம் தூளில் புரட்டி எடுத்து, உதறிவிட்டு மறுபடி லாக்கைப் பாருங்கள். நாக்குக்கும் தாங்கிக்கும் நடுவில் தூள் மாட்டினால் பின்பக்கத் திறப்பு போதவில்லை.

கத்தியோடு சேர்த்து ஒரு சின்ன டப்பாவும் வடிவமைத்துக் கொடுங்கள். மூடியில் 22 மி.மீ. நீளம், 1.5 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு. பழைய பிளேடு உள்ளே போகும், திரும்ப வராது. பிளேடு மாற்றும் கத்தி என்றாலே பழைய பிளேடு எங்கேயோ விழுகிறது என்றுதான் அர்த்தம். குப்பைப் பையில் விழுந்தால், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் அது கிழிக்கும். டப்பா நிறைந்ததும் கோட்டின் மேல் டேப் ஒட்டி, பழைய இரும்பு எடுக்கும் கடையில் உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். இதையும் கத்தியோடு தரும் தாளில் தமிழில் அச்சடித்து வையுங்கள்.