டெல்லிப் பேய்க் கதைகள்: சொல்லும்போதும் தேடிப் போகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் டெல்லிக்கு வந்தால் எங்கே கூட்டிப் போவது என்பதில் முன்பெல்லாம் குழப்பமே இருக்காது. குதுப் மினார், செங்கோட்டை, ஆர்.கே.புரம் மலை மந்திர், கரோல் பாக்கில் கொஞ்சம் ஷாப்பிங். இப்போது வரும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "பேய் இருக்கிற இடம் எது?" என்றுதான். அகர்சேன் கி பாவ்லி, கூனி தர்வாசா, பிரோஸ் ஷா கோட்லா, மால்சா மகால் என்று பட்டியலையும் அவர்களே போனில் வைத்திருக்கிறார்கள். 2023 மே மாதத்தில் டெல்லி அரசின் சுற்றுலாத் துறையே மால்சா மகாலுக்குப் 'பேய் நடை' தொடங்கிவிட்டது.

ஆர்வத்தில் தவறே இல்லை. பேய்க் கதைகள் மேல் எனக்கும் தீராத ஆசை உண்டு. அந்த ஆசையால்தான் இதை எழுதுகிறேன். டெல்லியின் ஒவ்வொரு பேய்க் கதைக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். சிலர் செத்துப்போனவர்கள், சிலர் இன்னும் நம் பக்கத்திலேயே இருப்பவர்கள். நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அந்த மனிதரைக் கதையிலிருந்து துடைத்தெறிந்துவிடுகின்றன.

பூட்டிய கேட்டைச் சாட்சியாகக் காட்டுவது

"சூரியன் மறைந்த பிறகு உள்ளே போகக் கூடாது என்று அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது, தெரியுமா?" ராஜஸ்தானின் பான்கட் கோட்டையைப் பற்றி இதைக் கேட்காத டெல்லிவாசி இருக்க முடியாது. பலகை இருப்பது உண்மை. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களைச் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை திறந்து வைப்பது 1959ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள பொது ஏற்பாடு. ஹுமாயூன் கல்லறை, சஃப்தர்ஜங் கல்லறை போன்ற சில இடங்களுக்கு மட்டும் நேரத்தை நீட்டித்திருக்கிறார்கள். பேயே இல்லாத நூற்றுக்கணக்கான கோட்டைகளையும் சாயங்காலம் ஆனால் பூட்டத்தான் செய்கிறார்கள்.

இந்தத் தவறு கூனி தர்வாசாவில் இன்னும் கனமாகிறது. பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில், கோட்லாவுக்கு எதிரே இருக்கும் வாசல் அது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து ரத்தம் சொட்டும் என்பார்கள். 1857 செப்டம்பர் 22 அன்று, ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்திருந்த மிர்சா முகல், மிர்சா கிஸ்ர் சுல்தான், மிர்சா அபு பக்ர் ஆகிய மூன்று இளவரசர்களை வில்லியம் ஹாட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த வாசலருகே சுட்டுக் கொன்றான். உடல்களைச் சாந்தினி சௌக்கில் மக்கள் பார்க்கப் போட்டு வைத்தார்கள். அப்புறம் 2002இல் ஒரு மருத்துவ மாணவிக்கு அங்கே கொடூரமான பாலியல் வன்கொடுமை நேர்ந்தது. வாசலைப் பூட்டியது அதற்குப் பிறகுதான். அந்தப் பூட்டைக் காட்டி "பேய்க்காகத்தான்" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நம் வாயாலேயே மறைக்கிறோம். இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு சம்பவங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தம் சொட்டும் கூரை அதற்கப்புறம் தேவையே படாது.

வெள்ளை உடைப் பெண்ணுக்கு டெல்லி முகவரி கொடுப்பது

டெல்லி கன்டோன்மென்ட் சாலையில் இரவில் வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி லிஃப்ட் கேட்பாள், நிறுத்தாவிட்டால் வண்டிக்கு இணையாக ஓடி வருவாள் என்ற கதை இங்கே பிரபலம். சென்னைக்காரர்களைக் கேட்டால் அவளை ஈ.சி.ஆரில் பார்த்ததாகச் சொல்வார்கள். நம் ஊர்களில் அவளுக்கு மல்லிகைப்பூவும் கொலுசும் சேர்ந்து மோகினி ஆகிவிடுகிறாள். ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹாங்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1942இல் அமெரிக்காவிலேயே இந்த மாதிரிக் கதைகள் 79 திரட்டி வகைப்படுத்தினார்கள். வழியில் ஏறி, இறங்கும் முன்பே மறைந்துவிடும் பயணி எல்லாச் சாலைகளிலும் இருக்கிறாள். ஆகவே "என் நண்பனின் அண்ணனுக்கு நடந்தது" என்று யாராவது தொடங்கினால், அந்த அண்ணனைத் தேடுவதைவிட, கதை இந்தச் சாலைக்கு எப்படி வந்தது என்று கேட்பது பயனுள்ளது. இருட்டு, ராணுவப் பகுதியின் ஆளரவமற்ற சாலை, தனியாக வண்டி ஓட்டும் ஆண், இரவில் தனியாக நிற்கும் பெண்ணைப் பற்றிய அவன் எண்ணம். கதை வேர்விட இவையே போதும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வட இந்தியப் பிள்ளைகளிடமிருந்து நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வரும் பேய், சுடைல். பாதம் பின்னோக்கித் திரும்பியிருக்கும், ஆண்களை மயக்கிக் கொல்லும் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். யார் சுடைல் ஆகிறாள் என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறந்துபோனவள், பெரும்பாலும் புகுந்த வீட்டில் கவனிப்பின்றி இறந்தவள். பல கதைகளில் அவள் முதலில் தேடி வருவது அந்த வீட்டு ஆண்களைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள நம்மிடம் நல்ல திறவுகோல் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாதைகளில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைக்க, அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. நெல்லை, குமரிப் பக்கத்து இசக்கியம்மன் கதைகளில் கொலையுண்ட பெண் தெய்வமாகவே நிற்கிறாள். அதே மாதிரியான சாவுதான். ஒரு இடத்தில் கல் நட்டார்கள், ஒரு இடத்தில் கோயில் கட்டினார்கள், இன்னொரு இடத்தில் பாதத்தைத் திருப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுடைல் கதை சொல்லும்போது சுமைதாங்கியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயம் குறையாது, ஆனால் அந்தப் பெண் மேல் இரக்கம் வரும்.

கோட்லாவுக்குப் பேய் பார்க்கப் போவது

என்னை மிகவும் வருத்தும் தவறு இதுதான். பிரோஸ் ஷா கோட்லா என்பது பிரோஸ் ஷா துக்ளக் 1354இல் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகள். இன்றைய ஹரியானாவில் உள்ள தொப்ராவிலிருந்து கொண்டுவந்த அசோகர் தூண் ஒன்று மேலே நிற்கிறது. வியாழக்கிழமை தோறும் மக்கள் அங்கே வந்து மெழுகுவர்த்தி, ஊதுபத்தி ஏற்றி, ஜின்களுக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். முஸ்லிம்களோடு இந்துக்களும் சீக்கியர்களும் வருகிறார்கள். ஒரே கடிதத்தை நகல் எடுத்துப் பல மாடங்களில் வைப்பவர்கள் உண்டு. முகவரியும் புகைப்படமும் இணைப்பவர்கள் உண்டு. மகனுக்கு வேலை வேண்டும், கணவன் குடியை விட வேண்டும், வழக்கு முடிய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்.

இங்கே நம்மவர்கள் ஒரே இடத்தில் இரண்டு தவறு செய்கிறார்கள். ஜின்னைச் செத்தவரின் ஆவி என்று எண்ணிக்கொள்வது முதலாவது. இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின்கள் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட வேறோர் இனம். அவர்களுக்கும் குடும்பம், மதம், நன்மை தீமை எல்லாம் உண்டு. அங்கே வருகிறவர்கள் அவர்களிடம் முறையிடத்தான் வருகிறார்கள். விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குக் கோட்லா உடனே புரிந்துவிடும். குறையைத் தாளில் எழுதி, பெயர் விலாசத்தோடு, நீதி சொல்பவர் முன் வைக்கும் அதே மனசு.

இரண்டாவது தவறு, "எழுநூறு வருஷமாக நடக்கிறது" என்று வயதைக் கூட்டுவது. மானுடவியலாளர் ஆனந்த் விவேக் தனேஜா இங்கே நீண்ட நாள் ஆய்வு செய்தவர். கோட்லாவில் பெருந்திரளாக மக்கள் வரத் தொடங்கியதற்கான தடயம் 1977இலிருந்துதான் கிடைக்கிறது என்கிறார் அவர். நெருக்கடி நிலை முடிந்த ஆண்டு அது. அதற்கு முந்தைய ஆண்டு, கூப்பிடு தூரத்துத் துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்து மக்களை நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பினார்கள். மனு கொடுத்தால் கேட்க ஆளில்லாத காலம் முடிந்த கையோடு ஜின்களுக்கு மனு போகத் தொடங்குகிறது. இந்த வரலாற்றை 'பழமை' என்ற ஒற்றைப் பூச்சால் மூடிவிட்டால் கோட்லாவைப் பார்த்தும் பார்க்காதவர் ஆவோம்.

போங்கள், கட்டாயம் போங்கள். கடிதங்களை எடுத்துப் படிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அழுதுகொண்டிருக்கும் ஒருவர் முன்னால் வீடியோ வெளிச்சத்தைப் போடாதீர்கள்.

பேயைச் சொல்லிப் பெரிய கதையை விடுவது

சர்தார் படேல் மார்க்கை ஒட்டிய காட்டுக்குள் இருக்கும் மால்சா மகால் பழைய சுல்தான் காலத்து வேட்டை மாளிகை. 'தற்கொலை செய்துகொண்ட பேகத்தின் ஆவி உலவுகிறது' என்பது அதன் விளம்பர வாசகம். பேகம் விலாயத் மகால் என்பவர், லக்னோவை ஆண்ட அவத் அரச வம்சம் என்று உரிமை கோரி, 1970களில் பிள்ளைகளோடு புதுடெல்லி ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் வந்து குடியேறினார். பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1985இல் அரசு இந்த இடிந்த மாளிகையைக் கொடுத்தது. மின்சாரமில்லை, தண்ணீர்க் குழாயில்லை. 1993இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மகன் 2017இல் தனியாக இறந்து கிடந்தார்.

2019இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் எலன் பாரி தேடிக் கண்டுபிடித்தது இதைவிடத் துயரமானது. அவர்கள் அரச குடும்பமே இல்லை. லக்னோ பல்கலைக்கழக அதிகாரி ஒருவரின் மனைவிதான் விலாயத். பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய், சொத்தை இழந்து, கணவரை இழந்து, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, கடைசியில் பிள்ளைகளோடு இந்தியாவுக்குத் திரும்பியவர். பிரிவினை ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மாளிகையில் நின்றுகொண்டு 'சத்தம் கேட்டதா, நிழல் தெரிந்ததா' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு.

அண்மைச் சாவுகளில் இன்னும் கவனம் வேண்டும். 2018 ஜூலை 1 அன்று வடக்கு டெல்லியின் புராரியில் ஒரே குடும்பத்தின் 11 பேர் இறந்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் 11 குழாய்கள் இருப்பதை வைத்து ஆவி, மாந்திரீகம் என்று அன்றைக்கே கதை கட்டினார்கள். உளவியல் ஆய்வறிக்கையோ, அவர்கள் சாக நினைக்கவில்லை, ஒரு சடங்கின் போது நேர்ந்த விபத்து என்றது. அவர்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், அண்டை வீட்டார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் 'பார்க்க'ப் போகாதீர்கள். அவ்வளவுதான்.

வதந்தியை முன்னே அனுப்புவது

2001 மே மாதம். யமுனைக்கு அக்கரையில் கடும் வெயில், மின்வெட்டு, மொட்டை மாடியில் தூக்கம். இரும்பு நகம், ஹெல்மெட், மார்பில் பொத்தான்கள் என்று ஆளுக்கொரு அடையாளத்தோடு 'குரங்கு மனிதன்' கிளம்பினான். காவல்துறைக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் போயின. "வந்துட்டான்" என்ற கூச்சலில் மாடியிலிருந்து குதித்தும் படியில் விழுந்தும் குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள். குரங்கு மனிதனை யாரும் பிடிக்கவில்லை. அது கூட்டப் பீதி என்றே விசாரணை முடிந்தது. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் இவ்வளவு. அப்பார்ட்மென்ட் குழுவில் இரவு 11 மணிக்கு வரும் மங்கலான வீடியோவை யோசிக்காமல் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அறிவியல் பெயரில் அவசரப்படுவது

பேயை நம்பாதவர்களும் தவறு செய்கிறார்கள். "புளியமரம் இரவில் கரியமில வாயு விடும், அதில் மூச்சு முட்டுவதைத்தான் பேய் என்றார்கள்" என்பது நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் விளக்கம். எல்லா மரமும் இரவில் கொஞ்சம் கரியமில வாயு விடும். திறந்தவெளியில் அது காற்றோடு கலந்துவிடும், மூச்சு முட்டும் அளவுக்குச் சேராது. பொய்யான விளக்கத்தை அறிவியல் என்று சொல்வதும் ஒரு வதந்திதான்.

உண்மையான விளக்கம் உயிரைக் காக்கும் இடமும் உண்டு. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைப் பதிவு செய்தார். வீட்டில் காலடி ஓசை, யாரோ நிற்பது போன்ற உணர்வு, தலைவலி, சோர்வு. கடைசியில் பார்த்தால் பழுதான கணப்பு அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசிந்திருக்கிறது. டெல்லிக் குளிரில் மூடிய அறைக்குள் கரி அங்கீட்டி (கணப்புச் சட்டி) வைத்துத் தூங்கி இறப்பவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படியே. வாடகை வீட்டில் குளிர் தொடங்கியதிலிருந்து 'ஏதோ இருக்கிறது' என்று தோன்றினால், தலைவலியும் கிறுகிறுப்பும் கூடவே இருந்தால், முதலில் ஜன்னலைத் திறங்கள், வெளியே வாருங்கள்.

அப்புறம் அமுக்குவான். குருகிராம், நொய்டாவில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள், "மார்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்கியது, கத்த முடியவில்லை" என்று ஊருக்குப் போன் செய்வதுண்டு. கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கட்டுண்டிருக்கும். அந்த நிலை கலைவதற்குள் மூளை விழித்துக்கொண்டால் இப்படி நேரும். சில நொடியிலோ ஓரிரு நிமிடத்திலோ சரியாகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். அவர்களிடம் "பேயெல்லாம் கிடையாது, போ" என்று சிரித்தால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். அவர்கள் பட்ட பயம் உண்மை. என்ன நடந்தது என்று முழுசாகக் கேளுங்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று விசாரியுங்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பாட்டி திருநீறு பூசிவிட்டால் அதையும் தடுக்காதீர்கள்.