டீம் ஃபோர்ட்ரஸ் 2: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது 2007 அக்டோபரில். 2011 ஜூனிலிருந்து இலவசம். கார்ட்டூன் முகங்கள், ஒருவரையொருவர் சீண்டும் வசனங்கள், செத்தாலும் சில நொடிகளில் மறுபடி களம். வேலை முடிந்து வீடு திரும்பியவர் அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் படுக்க இதைவிடப் பொருத்தமான சுடும் விளையாட்டு கிடைப்பது அரிது. ஆனாலும் பள்ளி விடுமுறையில் ஆசையாக இறக்கிப் பார்க்கும் பலர், “எனக்குக் குறி வைக்க வரல” என்று ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை குறியில் இல்லை. நிற்கும் இடம், எடுத்த கிளாஸ் (ஆடும் பாத்திர வகை), எப்போது பின்வாங்குவது என்ற கணக்கு ஆகியவற்றில்தான் இருக்கிறது. இவை மூன்றையும் கைவேகம் இல்லாதவர்களும் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் வண்டி. அப்வர்ட், பேட்வாட்டர் போன்ற பேலோட் மேப்களில் ஒரு குழு வெடிகுண்டு வண்டியைத் தள்ள வேண்டும், மற்றது தடுக்க வேண்டும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பதை வண்டி கணக்கில் எடுப்பதில்லை. ஒருவர் தள்ளினால் மெல்ல நகரும், இருவர் என்றால் கொஞ்சம் வேகம், மூவர் நின்றால் முழு வேகம். நான்காவது ஆள் வந்தாலும் வேகம் கூடாது. வேகமாக ஓடும் கிளாஸான ஸ்கவுட் மட்டும் இரண்டு பேருக்குச் சமம். ஆகவே பன்னிரண்டு பேரும் வண்டியைச் சுற்றி மொய்ப்பது தவறு. ஒரே ராக்கெட்டில் பாதிப் பேர் அடிபடுவார்கள். பன்னிரண்டு பேரும் வண்டியை மறந்து எதிரியின் வாசல்வரை ஓடுவதும் தவறு. இரண்டு மூன்று பேர் தள்ள, மற்றவர்கள் அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே காலி செய்ய வேண்டும். யாரும் தொடாமல் 30 நொடி போனால் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். தள்ளுபவருக்கு வண்டியே உயிரும் தோட்டாவும் தரும் என்பதால், அடிபட்டவர் வெகுதூரம் ஓடிப் போகாமல் வண்டிக்கே திரும்பலாம். தடுக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: நீங்கள் ஒருவர் வண்டியருகே உயிரோடு நின்றாலே அது நகராது. நேரம் முடிந்த பிறகும் எதிரி வண்டியை விடவில்லை என்றால் ஓவர்டைம் ஓடும். அந்த நேரத்தில் தூரத்து மாடியில் நின்று சுடுவதைவிட, இறங்கி வந்து வண்டியைத் தொடுவதுதான் ஆட்டத்தைக் காப்பாற்றும்.

ஒன்பது கிளாஸ்களில் புதியவர்கள் முதலில் எடுப்பது தூரத்திலிருந்து சுடும் ஸ்னைப்பர் அல்லது எதிரி வேடமிட்டு முதுகில் குத்தும் ஸ்பை. இரண்டுக்கும் உயிர் 125தான், இரண்டுமே மேப்பை நன்றாக அறிந்தவர்களுக்கானவை. ஒரு குழுவில் மூன்று ஸ்னைப்பரும் இரண்டு ஸ்பையும் சேர்ந்தால் வண்டிப் பக்கம் ஆளே இருக்காது. ராக்கெட் ஏவும் சோல்ஜர் (உயிர் 200), பெருந்துப்பாக்கி ஏந்தும் ஹெவி (300), மற்றவர்களுக்கு உயிர் ஊட்டும் மெடிக் (150) ஆகியவற்றில் தொடங்குங்கள். ஒரே கிளாஸில் நான்கு முறை ஒரே மூலையில் செத்தால் கிளாஸை மாற்றுவதில் வெட்கமே வேண்டாம். கமா பொத்தானை அழுத்தினால் மாற்றலாம். அதைப் புறப்படும் அறைக்குள் நின்று செய்தால் சாகாமலேயே மாறிவிடலாம். வெளியே நின்று மாற்றினால் ஓர் உயிர் போகும்.

மெடிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் போக்கை மாற்றும் கிளாஸ் இதுதான், அதிகம் தவறாக ஆடப்படுவதும் இதுதான். அவர் கையிலுள்ள மெடிகன் என்ற கருவி நொடிக்கு 24 உயிர் ஊட்டும். ஆனால் அடிபட்டு 10 நொடி கடந்த ஆளுக்கு அந்த வேகம் ஏறத் தொடங்கி, 15 நொடியில் மும்மடங்காக, அதாவது நொடிக்கு 72 ஆக உயரும். அடிபட்டவர் சண்டையிலேயே நின்று கத்துவதைவிட ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக் காத்திருந்தால் சீக்கிரம் தேறுவார் என்பதன் காரணம் இதுதான். அடிபட்ட ஆளுக்கு ஊட்டும்போது ஊபர் (மெடிக்கையும் அவர் ஊட்டுபவரையும் சில நொடி யாராலும் அடிக்க முடியாதபடி செய்யும் ஆற்றல்) 40 நொடியில் நிறையும். ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒரே ஹெவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு இரட்டிப்பு நேரம் ஆகும். ஆகவே நண்பன் ஒருவனுக்கே ஒட்டிக்கொள்ளாமல் எல்லாருக்கும் மாற்றி மாற்றி ஊட்டுவது நல்ல மனசு மட்டுமல்ல, லாபமும்கூட. 150 விழுக்காடுவரை உயிரை ஏற்றலாம். 300 உள்ள ஹெவி 450க்கு வருவார். போகிற வழியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நொடி ஊட்டிவிட்டுப் போனாலே முன்வரிசை நிலைத்து நிற்கும்.

மெடிக்கின் பெரிய தவறு, நிறைந்த ஊபரை ‘நல்ல சமயம்’ வரட்டும் என்று வைத்திருந்து அப்படியே சாவது. அது 8 நொடிதான் நிற்கும், ஆனால் அந்த 8 நொடியில் எஞ்சினியர் கட்டும் தானியங்கித் துப்பாக்கியான சென்ட்ரியின் கூடே தரைமட்டமாகும். உங்கள் உயிர் பாதிக்குக் கீழே போய், எதிரி கண்முன்னே இருந்தால் அதுதான் நல்ல சமயம். ஊபரில் இருப்பவரால் வண்டியைத் தள்ளவோ பாயிண்டை (கைப்பற்ற வேண்டிய இடம்) பிடிக்கவோ முடியாது. எனவே அதை எதிரியை விரட்ட மட்டும் செலவிடுங்கள். மற்ற கிளாஸ் ஆடுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: மெடிக் பின்னால் இருக்கிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். உங்களுக்கு உயிர் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவரால் எதிரியைச் சுட முடியாது.

எஞ்சினியரின் கையில் ஒரே நேரத்தில் 200 மெட்டல்தான் (கட்டுவதற்கான உலோகம்) கொள்ளும். சென்ட்ரிக்கு 130, உயிரும் தோட்டாவும் தரும் டிஸ்பென்சருக்கு 100, ஆட்களை நொடியில் முன்னே அனுப்பும் டெலிபோர்ட்டரின் ஒவ்வொரு முனைக்கும் 50. ஆகவே சென்ட்ரியும் டிஸ்பென்சரும் ஒரே மூச்சில் முடியாது. வழி இதுதான்: புறப்படும் அறைக்கு வெளியே டெலிபோர்ட்டர் நுழைவாயிலைக் கட்டி, உள்ளே போய் அலமாரியில் மெட்டலை நிரப்பி, பிறகு முன்னே கிளம்புங்கள். தோட்டாப் பெட்டி ஒன்றின் அருகே சென்ட்ரி, அதை ஒட்டி டிஸ்பென்சர். அதன்பின் ஒவ்வொரு தரம் உயர்த்தவும் 200 மெட்டல்; ஸ்பேனர் அடி ஒன்றுக்கு 25 வீதம் எட்டு அடி. தாக்கும் பக்கத்தில் இருந்தால் டெலிபோர்ட்டரைத் தள்ளிப்போடவே கூடாது. ஹெவி நடந்து வருவதற்குள் அங்கே சண்டை முடிந்துவிடும்.

சென்ட்ரியை நீண்ட திறந்த பாதையைப் பார்த்தபடி வைப்பது அடுத்த தவறு. அதன் எட்டுதூரத்துக்கு வெளியே நின்று ஸ்னைப்பரோ சோல்ஜரோ நிதானமாக உடைப்பார். திருப்பத்துக்குப் பின்னால் வையுங்கள். எதிரி அதைக் காணும்போதே அதன் எட்டுதூரத்துக்குள் வந்திருக்க வேண்டும். நீங்கள் நிற்பது சென்ட்ரிக்குப் பின்னால், முதுகைச் சுவரில் வைத்து. முதுகு வெளியே தெரிந்தால் ஸ்பைக்கு வேலை சுலபம். அவர் சென்ட்ரியைச் செயலிழக்கச் செய்யும் சாப்பரை ஒட்டிவிட்டால் ஸ்பேனரால் இரண்டு அடி அடியுங்கள், விழுந்துவிடும். பாயிண்ட் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் சென்ட்ரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகருங்கள். அதோடு சேர்ந்து சாக வேண்டியதில்லை.

ஸ்பையைக் கண்டுபிடிப்பதற்குத் திறமை தேவையில்லை, பழக்கம் போதும். உங்கள் குழுவினர் ஒருவருக்குள் ஒருவர் ஊடுருவி நடக்கலாம். வேடமிட்ட ஸ்பையை ஊடுருவ முடியாது, மோதி நிற்பீர்கள். குழுவினரைச் சுட்டால் உயிர் குறையாது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு குண்டைச் செலவழியுங்கள். சண்டைக்கு எதிர்த்திசையில் தனியாக நடந்து வருபவர், சுடாமலே உலாவுபவர், எஞ்சினியரின் கூட்டையே சுற்றிச் சுற்றி வருபவர், இவர்களை முதலில் சோதியுங்கள். நீங்களே ஸ்பை என்றால் ஸ்கவுட் வேடம் போடாதீர்கள். அவர் ஓட்டத்துக்கு உங்களால் ஈடுகொடுக்க முடியாது, உடனே பிடிபடுவீர்கள்.

தூரக் கணக்கும் முக்கியம். ஸ்கவுட்டின் துப்பாக்கி மூக்கருகே 105வரை பறிக்கும், தள்ளி நின்றால் அதில் சிறு பங்குதான். சோல்ஜரின் ராக்கெட்டை உடம்புக்குக் குறி வைத்தால் தாண்டிவிடுவார்கள், காலடித் தரைக்கு வையுங்கள். நான்கு ராக்கெட்டுகளும் காலியான பிறகு நிரப்பத் தொடங்குவது தாமதம். ஒவ்வொரு இடைவெளியிலும் நிரப்புங்கள். இதற்குத் தானாகவே நிரப்பும் வசதி ஆப்ஷன்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கேயே பார்வைக் கோணத்தை 75இலிருந்து 90க்கு ஏற்றுங்கள், அடிபடும் ஓசையையும் சேத எண்ணையும் போட்டுவையுங்கள். மெடிக் ஆடுபவர்களுக்கு, பொத்தானைப் பிடித்துக்கொண்டே இராமல் ஊட்டும் வசதியும் உண்டு.

இணைப்பு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் சர்வர் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஆனாலும் வீவக வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: ரவுட்டர் பெரும்பாலும் வரவேற்பறையில், விளையாடும் கணினி படுக்கையறையில், நடுவே பாம்ப் ஷெல்டரின் கனத்த கான்கிரீட் சுவர். வைஃபை அங்கே நசுங்கி, ஆட்கள் துள்ளித் துள்ளித் தெரிவார்கள்; முகத்துக்கு நேரே நின்றவன் முதுகில் குத்தியதாகக் காட்டும். சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்தால் இது தீரும். அது முடியாவிட்டால் ரவுட்டரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். விளையாட்டின் கேஷுவல் பட்டியலில் பிங் (சர்வரோடு ஏற்படும் தாமதம்) வரம்பைக் குறைவாக வைத்தால் தொலைதூர சர்வரில் போய் விழ மாட்டீர்கள்.

பிள்ளைகள் விளையாடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆயுதம் எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தொடக்கத்தில் தருபவை பெரும்பாலான கிளாஸ்களுக்கு இறுதிவரை போதும், மற்றவை விளையாட விளையாடக் கிடைக்கும். தொப்பிகள் வெறும் அலங்காரம், ஆனால் அவற்றுக்குச் சந்தை விலை உண்டு, அதனால் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. அறிமுகமில்லாதவர் நண்பராகச் சேர்ந்து, “இந்தப் பக்கத்தில் உள்நுழைந்து எனக்கு ஓட்டுப் போடு” என்று இணைப்பு அனுப்பினால் தொடவே கூடாது. ஸ்டீம் (இந்த விளையாட்டை இறக்கும் வால்வின் தளம்) கணக்கைப் பறிக்கும் பழைய வலை அது. ஸ்டீமின் கைப்பேசிச் செயலியில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பொருள் பரிமாற்றத்தை உறுதி செய்யும்முன், திரையில் இருப்பது பேசிய பொருள்தானா என்று பெயரையும் நிறத்தையும் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஏமாற்று என்று சந்தேகம் வந்தால் 1799 ஸ்கேம்ஷீல்ட் எண்ணை அழைத்துக் கேட்கலாம்.